பின்னால் மிதித்தும் வண்டி நிற்கவில்லையா? பழைய கோஸ்டர் பிரேக் ஹப்பில் கோளாறு பார்க்கும் முறை

பழைய ஜெர்மன் சைக்கிளையோ அமெரிக்க சைக்கிளையோ முதன்முதலாக ஓட்டுபவர்கள் பின் பிரேக்குக்கு லீவரைத் தேடுவார்கள். அது இருக்காது. பெடலைப் பின்பக்கமாக அழுத்தினால் பின் சக்கரம் நிற்கும். மிதிப்பதை நிறுத்தினால் சக்கரம் மட்டும் தானே உருளும். இதுதான் கோஸ்டர் பிரேக். மிதிப்பது, உருள்வது, நிற்பது ஆகிய மூன்று வேலையும் சக்கரத்தின் நடுக்குடமான ஒரே ஹப்புக்குள் நடக்கிறது. ஒயர் கிடையாது, ரப்பர் கட்டை கிடையாது, மழையில் நனைந்தாலும் பிரேக்கில் மாற்றம் தெரியாது. நன்றாகச் செய்த ஹப் எழுபது எண்பது வருடம் கழித்தும் ஓடும். அதனால்தான் இதைத் தூக்கிப் போட எனக்கு மனம் வருவதில்லை.

என்னிடம் வரும் ஹப்களில் பாதிக்கு மேல் "பல்லெல்லாம் தேய்ந்துவிட்டது, உள்ளே எல்லாம் போய்விட்டது" என்ற தீர்ப்போடுதான் வருகின்றன. திறந்து பார்த்தால் பெரிய இரும்பு எல்லாம் நன்றாகவே இருக்கும். கோளாறு இரண்டே இடத்தில் இருக்கும்: பிசினாக இறுகிப்போன பழைய கிரீஸ், பலம் இழந்த ஒரு சின்ன ஸ்பிரிங். எனவே பாகம் தேடி அலைவதற்கு முன் கோளாறை வைத்துக் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். இந்தக் கட்டுரையும் அந்த வரிசையில்தான் போகிறது.

உள்ளே நடப்பது என்ன

பழைய ஹப்களைப் பெரும்பாலும் இரண்டு குடும்பமாகப் பிரிக்கலாம். உங்களுடையது எந்தக் குடும்பம் என்று தெரியாமல் ஸ்பேனரை எடுக்காதீர்கள்.

முதலாவது உருளைக் குடும்பம். ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரத்தில் ஃபிக்டல் அண்ட் சாக்ஸ் நிறுவனம் 1903-இல் கொண்டுவந்த டார்பிடோ ஹப்தான் இதற்குத் தலைமகன். எர்ன்ஸ்ட் சாக்ஸ் அமைத்த இந்த வடிவம் பெரிய மாற்றமில்லாமல் பல பத்தாண்டுகள் ஓடியது. செயின் சுற்றும் பல்சக்கரம் உட்காரும் பாகத்தை டிரைவர் என்பார்கள். டார்பிடோவில் அந்த டிரைவரின் மேல் ஐந்து சரிவுகள், ஒவ்வொரு சரிவிலும் ஒரு உருளை. முன்னால் மிதித்தால் உருளைகள் சரிவில் ஏறி, ஹப்பின் வெளிக்கூடான ஓட்டின் உள்சுவரோடு ஆப்பு மாதிரி இறுகிச் சக்கரத்தை இழுத்துப் போகும். மிதிப்பதை நிறுத்தினால் அவை கீழே இறங்கி விலகிவிடும். பின்னால் மிதித்தால் டிரைவரின் உள்முனை பிரேக் கோன் என்ற கூம்பு வடிவப் பாகத்தை இடப்பக்கம் தள்ளும். அந்தக் கோன், வெட்டு விட்ட ஒரு உலோக உறைக்குள் நுழைந்து அதை விரிக்கும். விரிந்த உறை ஓட்டின் உள்சுவரில் உரசும்போது சக்கரம் நிற்கிறது.

இரண்டாவது திருகுக் குடும்பம். இது அமெரிக்காவின் வழி. நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா ஊரில் எக்லிப்ஸ் நிறுவனம் செய்த மாரோ, அதே இடத்திலிருந்து இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்த பென்டிக்ஸ், கனெக்டிகட்டின் பிரிஸ்டல் ஊரிலிருந்து வந்த நியூ டிபார்ச்சர் ஆகியவை இந்தப் பக்கம். இங்கே டிரைவரின் உள்முனையில் அகலமான திருகுமரை இருக்கும். அதன் மேல் ஒரு கிளட்ச் கோன் ஓடும். முன்னால் மிதித்தால் கோன் வலப்பக்கம் வந்து ஓட்டின் சரிவில் இறுகிச் சக்கரத்தை இழுக்கும். பின்னால் மிதித்தால் இடப்பக்கம் போய் பிரேக்கை அழுத்தும். பென்டிக்ஸில் அந்த அழுத்தம் பிரேக் கட்டைகளை வெளியே விரிக்கிறது. நியூ டிபார்ச்சரின் மாடல் டி-யில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய தகடுகளை நெருக்குகிறது. அந்தத் தகடுகளில் ஒன்றுவிட்டு ஒன்று ஓட்டோடு சேர்ந்து சுற்றும், மற்றவை அச்சோடு சேர்ந்து அசையாமல் நிற்கும்.

இங்கே ஒரு கேள்வி வரும். டிரைவர் சுற்றும்போது கோனும் கூடவே சுற்றிவிட்டால் அது மரையில் எப்படி நகரும்? நகராது. போல்ட்டும் நட்டும் சேர்ந்தே சுற்றினால் நட்டு இறுகுவதில்லை அல்லவா, அதே கதைதான். கோனை லேசாகப் பிடித்து நிறுத்த ஒன்று வேண்டும். அந்த வேலையைச் செய்வது ஒரு சின்ன உராய்வு ஸ்பிரிங். இந்தக் கட்டுரையில் வேறெதையும் மறந்தாலும் இந்த ஸ்பிரிங்கை மறக்க வேண்டாம்.

பென்டிக்ஸ் ஓட்டில் வண்ணக் கோடுகள் இருந்தால் அவை மாடலைச் சொல்லும். இரண்டு வேக தானியங்கி பென்டிக்ஸில் உள்ளே கியர்களும் இருக்கும், அதற்கு இந்த வழிமுறை போதாது. ஸ்டர்மி ஆர்ச்சர் 1950-களில் விட்ட டி.சி.டபிள்யூ மூன்று கியர் ஹப்பையும் இதோடு சேர்க்காதீர்கள். அதில் பிரேக் விசை கியர்கள் வழியாகப் போகிறது. கியர் ஒயர் சரியாக அமையாவிட்டால் பிரேக்கே இல்லாமல் போகக்கூடும். அதைத் தனியாகப் படித்துவிட்டுத் தொடுங்கள்.

திறக்கும் முன் பத்து நிமிடம்

வண்டியைத் தலைகீழாக வையுங்கள், அல்லது பின் சக்கரம் தரையில் படாமல் தொங்கவிடுங்கள். பெடலை முன்னால் சுற்றி வேகம் கொடுத்துவிட்டுக் கையை எடுங்கள். சக்கரம் ஓட வேண்டும், பெடல் நிற்க வேண்டும். பிறகு பெடலைப் பின்னால் தள்ளி, எவ்வளவு தூரம் போனபின் பிடிக்கிறது என்று பாருங்கள். ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டி எவ்வளவு ஆட்டம் இருக்கிறது என்று பாருங்கள். இடப்பக்கம் ஃபிரேமோடு பட்டை போட்டுக் கட்டியிருக்கும் பிரேக் கையையும் அசைத்துப் பாருங்கள். செயினின் நடுவில் விரலால் தூக்கி இறக்குங்கள், மொத்தம் அரை அங்குலம் தொய்வு சரி. தெரிந்ததையெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். திறந்து மூடியபின் என்ன மாறியது என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

வண்டியைப் பின்னால் தள்ளும்போது பெடலும் பின்னால் சுற்றுவது, சில ஹப்களில் அப்படியே பிரேக் பிடித்துக்கொள்வது, இரண்டும் கோளாறு அல்ல. புதிதாக வாங்கியவர்கள் இதற்காகவே ஹப்பைப் பிரித்துவிடுகிறார்கள்.

முன்னால் மிதித்தால் பெடல் வெறுமனே சுற்றுகிறது, ஏற்றத்தில் வழுக்குகிறது

இதுதான் நான் அதிகமாகப் பார்க்கும் கோளாறு. இதை இரண்டு விதமாகப் பிரித்துப் பாருங்கள்.

முதல் விதத்தில் பிடிப்பே இருக்காது. பெடல் முழுச்சுற்று போனாலும் சக்கரம் அசையாது. அல்லது காலையில் பிடிக்காது, கொஞ்சம் ஓடியபின் பிடிக்கும். குளிரில் மோசமாக இருக்கும், வெயிலில் சரியாகிவிடும். இப்படிக் காலநிலைக்கு ஏற்ப மாறினால் கிரீஸ்தான் காரணம் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லிவிடலாம். பழைய கிரீஸிலிருந்து எண்ணெய் பிரிந்து போய், மிச்சம் வெல்லப்பாகு மாதிரி இறுகியிருக்கும். உருளைக் குடும்பத்தில் உருளைகள் அந்தப் பாகில் ஒட்டிக்கொண்டு சரிவில் ஏறாமல் நிற்கும். திருகுக் குடும்பத்தில் கோன் டிரைவரோடு ஒட்டிக்கொண்டு கூடவே சுற்றும், மரையில் நகராது.

மருந்து மண்ணெண்ணெய். பாகங்களை இரவு முழுக்க ஊறப்போடுங்கள், காற்றோட்டமான இடத்தில், அடுப்புக்குத் தூரமாக. காலையில் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் பாகு உரிந்துவிடும். மரையின் அடியிலும் உருளை உட்காரும் கூட்டின் மூலைகளிலும் தங்கியிருப்பதை மூங்கில் குச்சியால் சுரண்டுங்கள். இரும்பு ஊசி கீறல் போடும்.

இரண்டாவது விதத்தில் மெதுவாக மிதித்தால் பிடிக்கும், அழுத்தி மிதித்தால் சறுக்கும். இப்போது பிடிக்கும் பரப்புகளைப் பார்க்க வேண்டும். உருளைகள் ஒவ்வொன்றையும் கண்ணாடிப் பலகையில் வைத்து உருட்டுங்கள். தட்டையான இடம் இருந்தால் தடக் தடக்கென்று தெரியும். தட்டை விழுந்திருந்தால் ஐந்தையும் சேர்த்து மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றினால் சுமை அந்த ஒன்றின் மேல் போகும். டிரைவரின் சரிவுகளில் விரல் நகத்தை ஓட்டுங்கள். குழி தட்டுப்பட்டால் உருளை அதே இடத்தில் விழுந்து விழுந்து எழும், அதற்கு டிரைவரை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

திருகுக் குடும்பத்தில் கிளட்ச் கோனின் சரிவும் ஓட்டுக்குள் அது இறுகும் சரிவும் கண்ணாடி மாதிரி பளபளத்திருக்கும். அந்தப் பளபளப்புதான் எதிரி. 180 நம்பர் எமரி தாளால் இரண்டையும் லேசாக மங்கலாக்கினால் போதும். உலோகத்தைக் குறைப்பது நோக்கமில்லை, மினுக்கைப் போக்குவதுதான்.

அப்புறம் அந்தச் சின்ன ஸ்பிரிங். அதைச் சோதிக்கும் வழி மிக எளிது, ஆனால் இதைச் செய்யாமலே பலர் புது டிரைவர் தேடிக்கொண்டிருக்கிறார்கள். உள்பாகங்களைக் கழுவி, லேசாக எண்ணெய் தொட்டு, ஓட்டுக்கு வெளியே அச்சின் மேல் அதனதன் வரிசையில் கோத்துக்கொள்ளுங்கள். இடக்கையால் பிரேக் பக்கத்தை அசையாமல் பிடியுங்கள். வலக்கை விரல்களால் டிரைவரை முன்னால் சுற்றுங்கள். கோன் டிரைவரை நோக்கி வர வேண்டும். பின்னால் சுற்றினால் பிரேக்கை நோக்கிப் போக வேண்டும். நகராமல் கூடவே சுற்றினால் ஸ்பிரிங் உடைந்திருக்கிறது, பலம் இழந்திருக்கிறது அல்லது திருப்பிப் போடப்பட்டிருக்கிறது. பலம் இழந்ததை மூக்கு நீண்ட குறடால் ஒரு இழை இறுக்கமாக வளைத்துப் பார்க்கலாம். அதிகம் வளைத்தால் பிடி கூடி, சும்மா உருளும்போதே பெடலை இழுக்கும். நியூ டிபார்ச்சரிலும் இதே வேலையைச் செய்யும் ஸ்பிரிங் ஒன்று உண்டு, சோதனையும் இதேதான். இந்த மேசைச் சோதனையில் தேறாத ஹப்பை மூடவே கூடாது.

பின்னால் மிதித்தும் பிரேக் பிடிக்கவில்லை

இங்கே தயவுசெய்து அவசரப்படாதீர்கள். இந்த வண்டிகளில் பெரும்பாலும் பின் பிரேக் இது ஒன்றுதான். செயின் கழன்றாலோ அறுந்தாலோ இதுவும் இல்லை. அதனால் நான் சரிசெய்யும் எந்த வண்டிக்கும் முன் பிரேக் ஒன்று இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வேன். அசல் தோற்றம் கெடுகிறது என்று மறுப்பவர்கள் உண்டு. ஆனாலும் கேட்பதை நான் விடுவதில்லை.

முதலில் ஹப்புக்கு வெளியே பாருங்கள். செயின் அதிகம் தொய்ந்திருந்தால் பெடலின் பின்னசைவில் பெரும்பகுதி தொய்வை இழுக்கவே போய்விடும். பிரேக் கையின் பட்டை கழன்றிருந்தால் வண்டியை ஓட்டவே ஓட்டாதீர்கள். பிரேக் பிடிக்கும்போது வரும் முறுக்கு முழுவதையும் தாங்குவது அந்தக் கைதான். பட்டை இல்லாவிட்டால் கை சுழலும், கூடவே அச்சும், பேரிங் குண்டுகளைத் தாங்கும் கோனும் திரும்பும். ஒன்று நட்டு தளரும், அல்லது கோன் இறுகிச் சக்கரம் ஓட்டத்திலேயே பூட்டிக்கொள்ளும். பட்டைக்குப் பதிலாக ஒயரைச் சுற்றிக் கட்டி வந்த ஒரு வண்டியைப் பார்த்திருக்கிறேன். இடப்பக்க ஃபிரேம் குழாயில் விரல் அகலத்துக்குப் பெயிண்ட் உரிந்து கை அங்குமிங்கும் ஆடிய தடம் இருந்தது. ஓட்டியவருக்கு எதுவும் ஆகவில்லை என்பது பெரிய ஆறுதல்.

வெளியே எல்லாம் சரி என்றால் உள்ளே போகலாம். கட்டைகள் அல்லது உறை கண்ணாடி மாதிரி மினுங்குகிறதா? எமரியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி மங்கலாக்குங்கள். ஓட்டின் உட்சுவரையும் அப்படியே செய்யுங்கள். பிறகு அந்தச் சுவரில் நகத்தை அச்சின் போக்கில் இழுங்கள். கட்டை உரசும் இடம் முடியும் விளிம்பில் நகம் தடுக்கினால் ஓடு தேய்ந்திருக்கிறது. மெல்லிய தடுக்கல் என்றால் இன்னும் ஓடும். ஆழமாக இருந்தால் புதுக்கட்டை போட்டும் பயன் இருக்காது, ஓட்டையே மாற்ற வேண்டும், அதாவது சக்கரத்தைப் பிரித்து மறுபடி கம்பி கோக்க வேண்டும். இந்த முடிவை எடுக்கும் முன் அதே மாடலில் இன்னொரு பழைய ஹப் கிடைக்கிறதா என்று தேடுங்கள். இரண்டு ஹப்பை ஒன்றாக்குவதுதான் பெரும்பாலும் மலிவு.

கட்டையை விரிக்கும் கோனின் சரிவில் படிக்கட்டு மாதிரி தேய்மானம் இருந்தால் கட்டை அந்தப் படியில் நின்றுகொண்டு மேலே ஏறாது. கட்டை புதிதாக இருந்தும் பிரேக் மந்தமாக இருக்கும் ஹப்களில் காரணம் பெரும்பாலும் இதுதான்.

மாடல் டி-யில் தகடுகளின் வரிசையை முதலில் சரிபாருங்கள். ஒரே வகைத் தகடு இரண்டு அடுத்தடுத்து வந்துவிட்டால் அவை இரண்டும் சேர்ந்தே சுற்றும் அல்லது சேர்ந்தே நிற்கும், உரசல் நடக்காது. முன்பு யாரோ பிரித்துத் தவறாக அடுக்கி மூடிய ஹப்களில் இது சகஜம். தகடு வளைந்திருக்கிறதா என்று கண்ணாடிப் பலகையில் வைத்துப் பாருங்கள். எல்லாத் தகட்டையும் மெல்லிய எண்ணெயில் நனைத்து அடுக்குங்கள்.

ஸ்பிரிங் சோதனையை இங்கேயும் செய்யுங்கள். பிரேக் சில நேரம் பிடிக்கும், சில நேரம் பிடிக்காது என்றால் தேய்மானத்தை விட ஸ்பிரிங்கைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். தேய்மானம் நாள் பார்த்து வருவதில்லை.

கால் சுற்று பின்னால் போனபின்தான் பிடிக்கிறது

நல்ல நிலையில் உள்ள ஹப்பில் பெடல் சிறிதளவு பின்னால் போனதும் அழுத்தம் தெரிய ஆரம்பிக்கும். கால் சுற்றுக்குக் கிட்டப் போகிறது என்றால் செயின் தொய்வு, கட்டைகளின் தேய்மானம், பக்கவாட்டு ஆட்டம் ஆகிய மூன்றும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து வந்திருக்கும். முதலில் செயினை இழுத்துக் கட்டுங்கள், பிறகு பேரிங் கோனைச் சரிசெய்யுங்கள். பாதி சரியாகிவிடும். மீதி கட்டைகளில் இருக்கிறது.

பிரேக் சட்டென்று கவ்வுகிறது, விட மறுக்கிறது

காய்ந்த ஹப் இது. யாரோ பெட்ரோலால் நன்றாகக் கழுவி, "பிரேக்கில் கிரீஸ் படக்கூடாது" என்று நினைத்து உலரவிட்டு மூடியிருப்பார்கள். ரிம் பிரேக்குக்கு அது சரி. இங்கே உலோகத்தோடு உலோகம் உரசுகிறது. நடுவில் கிரீஸ் இல்லாவிட்டால் கவ்வும், கத்தும், ஒன்றையொன்று பிய்த்துக்கொள்ளும். உட்சுவரிலும் கட்டைகளிலும் கிரீஸ் பூச வேண்டும். பிரேக் அழுத்தும்போது அது பிதுங்கி வழிவிடும், மெல்லிய படலம் மட்டும் மிஞ்சும். பிரேக் மெதுவாக ஏறி மெதுவாக விடுவது அந்தப் படலத்தால்தான்.

கிரீஸ் இருந்தும் விடவில்லை என்றால் கட்டைகள் மிகவும் மெலிந்து, விரிக்கும் கோன் அளவுக்கு மேல் உள்ளே போய்ச் சிக்கியிருக்கலாம். அல்லது கோனின் சரிவில் துரு இருக்கலாம். உடைந்த கட்டைத் துண்டு நடுவில் மாட்டியிருந்தால் சக்கரம் அசையவே அசையாது. அப்போது பலம் போட்டுச் சுற்றாதீர்கள். பெடலை முன்னால் மெதுவாகத் தள்ளிக் கோனை வலப்பக்கம் கொண்டுவந்து, அதன்பின் திறவுங்கள்.

பிரேக் பிடிக்கும்போது கத்துகிறது

பெரும்பாலும் இதுவும் காய்ந்ததன் அறிகுறிதான். கிரீஸ் வைத்தபின் போய்விடும். போகாவிட்டால் பட்டை நட்டை இறுக்குங்கள், கை அதிர்ந்தும் சத்தம் வரும்.

நீண்ட இறக்கத்தில் ஹப் சூடாகிப் புகைகிறது

இதற்கு ஒரு வரலாறே இருக்கிறது. 1970-களில் கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில், ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு அருகில் ஒரு மண் பாதையில் இளைஞர்கள் 1930-கள், 40-களின் தடித்த டயர் சைக்கிள்களில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு மைலுக்குச் சற்று மேல் தூரம், சுமார் 1,300 அடி இறக்கம். அந்த வண்டிகளில் இருந்தவை இந்த கோஸ்டர் ஹப்கள்தாம். கீழே வந்து சேரும்போது கிரீஸ் ஆவியாகிப் போயிருக்கும். மறுபடி திறந்து கிரீஸ் திணிக்க வேண்டும். அதை ஆங்கிலத்தில் ரீபேக் என்பார்கள், அந்தப் பாதைக்கே ரீபேக் என்று பெயர் வந்துவிட்டது. அங்கே முதல் பந்தயம் 1976 அக்டோபர் 21-இல் நடந்தது. மலைச் சைக்கிள் என்று இன்று நாம் சொல்லும் வண்டி பிறந்த இடங்களில் அது முக்கியமானது.

நமக்கு இதில் உள்ள பாடம் எளிது. பிரேக் பிடிக்கும்போது வரும் சூடு முழுவதும் அந்தச் சின்ன எஃகு ஓட்டுக்குள்தான் சேர்கிறது, வெளியேற வேறு வழி இல்லை. சாதாரண லித்தியம் கிரீஸ் ஏறக்குறைய 180 முதல் 190 டிகிரி செல்சியஸில் உருகி ஓடும். லித்தியம் காம்ப்ளெக்ஸ் வகை 260 வரை தாங்கும். லாரி சக்கர பேரிங்குக்குப் போடும் உயர்வெப்ப கிரீஸ் அந்த வகைதான், கடையில் எளிதாகக் கிடைக்கும். அதையே வாங்குங்கள்.

ஒருமுறை புகைந்த ஹப்பைக் கட்டாயம் திறந்து பாருங்கள். உட்சுவரில் நீலமோ ஊதாவோ படர்ந்திருந்தால் எஃகு அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. லேசான நிறம் மட்டும் என்றால் தொடரலாம். சுவரில் மயிரிழை விரிசல்கள் தெரிந்தால் அந்த ஓட்டை மறுபடி பூட்டாதீர்கள். இறக்கத்தில் ஒரே அழுத்தாக அழுத்தாமல் முன் பிரேக்கோடு பகிர்ந்து, விட்டு விட்டுப் பிடியுங்கள்.

பெடல் தானாக முன்னால் சுற்றுகிறது, சக்கரம் இறுக்கமாக ஓடுகிறது

சும்மா உருளும்போது பெடல் கூடவே வந்தால் பேரிங் கோன் இறுக்கம், டிரைவருக்குள் இருக்கும் பேரிங் குண்டுகளில் பழைய கிரீஸ், அல்லது அளவுக்கு மேல் வளைத்த ஸ்பிரிங். கோன் சரிசெய்வது மாடலுக்கு மாடல் வேறுபடும். பழைய ஹப்கள் சிலவற்றில் அச்சின் ஒரு நுனி சதுரமாக இருக்கும். பூட்டு நட்டைத் தளர்த்திவிட்டு அந்தச் சதுரத்தைப் பிடித்து அச்சையே திருப்புவதுதான் அங்கே முறை. எந்த மாடலானாலும் எட்டில் ஒரு பங்கு சுற்றுக்கு மேல் ஒரே நேரத்தில் திருப்பாதீர்கள். ரிம்மில் மயிரிழை ஆட்டம் உணர வேண்டும், அதற்குமேல் வேண்டாம். பூட்டு நட்டை இறுக்கும்போது கோனும் சற்று இறுகும், அதற்கு இடம் விட்டு வையுங்கள்.

மேசையில் நன்றாகச் சுற்றிய சக்கரம் ஃபிரேமில் மாட்டியதும் இறுகினால் பிரேக் கையைப் பாருங்கள். பட்டைக்குள் அதை வளைத்துத் திணித்திருப்பீர்கள். கை ஃபிரேம் குழாய்க்கு இணையாக, தானாகப் போய் உட்கார வேண்டும். இழுத்துக் கட்டினால் அச்சு கோணும்.

கரகரவென்ற சத்தம், சுற்றும்போது தட்டுவது

குண்டுகளின் கதை. பேரிங் கோனில் குண்டுகள் ஓடும் பாதையை வெளிச்சத்தில் பாருங்கள். ஒரே சீரான மங்கல் கோடு இருந்தால் நல்லது. அம்மைத் தழும்பு மாதிரி குழிகள் இருந்தால் கோனையும் குண்டுகளையும் சேர்த்து மாற்றுங்கள். குண்டுகளை எப்போதும் முழு செட்டாக, காலிப்பரில் அளந்து, ஒரே அளவில் போடுங்கள்.

கூண்டோடு வரும் குண்டுகளைத் திருப்பிப் போடுவது ரொம்ப சகஜமான தவறு. கழற்றும்போதே போட்டோ எடுத்து வையுங்கள். மறந்துவிட்டால் கூண்டை இடத்தில் வைத்துக் கோனை விரலால் அழுத்திச் சுற்றுங்கள். சரியான திசையில் வெண்ணெய் மாதிரி ஓடும், தவறான திசையில் தகடு உரசுவது விரலுக்கே தெரியும்.

பல்சக்கரத்தில் தட்டினால் அது ஆடுகிறதா என்று பாருங்கள். பிந்தைய ஹப்களில் மூன்று காது உள்ள பல்சக்கரத்தை ஒரு ஸ்பிரிங் வளையம் பிடித்திருக்கும். அதைக் கழற்றும்போது கண்ணாடி அணியுங்கள், தெறித்தால் கண்ணில்தான் படும். பழைய நியூ டிபார்ச்சரிலும் மாரோவிலும் பல்சக்கரம் மரையில் ஏறி, அதன்மேல் ஒரு பூட்டு வளையம் இருக்கும். அந்த வளையம் இடதுமரை. வலமாகச் சுற்றினால்தான் கழலும். இது தெரியாமல் உளியும் சுத்தியலும் வைத்து உடைக்கப்பட்ட வளையங்கள் நிறைய.

இன்னொன்று: போருக்கு முந்திய அமெரிக்க வண்டிகளில் பல்லுக்குப் பல் ஒரு அங்குல இடைவெளி உள்ள செயின் வரலாம். இன்றைய அரை அங்குலச் செயினும் அதன் பல்சக்கரமும் அதோடு சேராது. முன் பல்சக்கரம், பின் பல்சக்கரம், செயின் மூன்றையும் சேர்த்துத்தான் மாற்ற முடியும்.

மூடும்போது

எல்லா இடத்துக்கும் ஒரே கிரீஸ், ஒரே அளவு என்று அப்பாதீர்கள். குண்டுகளின் கூண்டு நிறைய கிரீஸ் திணிக்க வேண்டும். பிரேக் கட்டைக்கும் உட்சுவருக்கும் பூச்சாக. டார்பிடோவின் உருளைகளுக்குக் கெட்டி கிரீஸ் வேண்டாம், எண்ணெய் போதும். கெட்டி கிரீஸ் வைத்தால் முதலில் சொன்ன ஒட்டல் கோளாறை நீங்களே உண்டாக்குகிறீர்கள். திருகுமரைக்கும் அந்தச் சின்ன ஸ்பிரிங்குக்கும் மெல்லிய பூச்சு. பழைய ஓடுகள் பலவற்றில் எண்ணெய் விட ஒரு துளையும், அதை மூடும் வளையமும் இருக்கும். வளையம் தொலைந்திருந்தால் அதற்கு ஏதாவது மூடி செய்துவிடுங்கள், தூசி உள்ளே போகும் வாசல் அது.

மூடியபின் ஃபிரேமில் மாட்டும் முன்பே கையில் பிடித்து ஒருமுறை முன்னால், ஒருமுறை பின்னால் சுற்றிப் பாருங்கள். பிறகு மாட்டி, செயின் தொய்வு, சக்கர நேர், அச்சு நட்டு, கடைசியாகப் பட்டை என்ற வரிசையில் இறுக்குங்கள். பட்டையை முதலில் இறுக்கினால் அச்சு நேராக உட்காராது. கோட்டம் எடுக்க வேண்டியிருந்தால் அதை இதற்கெல்லாம் முன்பே முடித்துவிடுங்கள்.

முதல் ஓட்டம் சமதரையில், ஆள் இல்லாத தெருவில். நடக்கும் வேகத்தில் ஐந்தாறு முறை பிடித்து விடுங்கள். பிறகு கொஞ்சம் வேகத்தில் பத்துப் பன்னிரண்டு முறை. எமரி போட்ட பரப்புகள் ஒன்றோடொன்று பழக இந்த நேரம் வேண்டும். முதல் சில பிடிப்புகளில் பிரேக் மந்தமாக இருப்பது இயல்பு, அதிகமாக இருக்கும் கிரீஸ் பிதுங்கி வெளியேறுகிறது. பத்தாவது பிடிப்பிலும் மந்தமாகவே இருந்தால் திறந்து மேசைச் சோதனையிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி. பிரேக் அதிகம் பிடிக்காமலே கை வைக்க முடியாத சூடு என்றால் கோன் இறுக்கம்.

இருபது கிலோமீட்டர் ஓடியபின் அச்சு நட்டுகளையும் பட்டை நட்டையும் மறுபடி ஒருமுறை ஸ்பேனரில் சோதியுங்கள். பெயிண்ட் நசுங்குவதால் முதல் முறை இறுக்கியது எப்போதும் கொஞ்சம் தளரும், கால் சுற்றாவது மறுபடி ஏறும்.